கதியாலா, முட்கம்பியா: வளவு வேலிக்கு எது?

ஐப்பசி மழை தொடங்கினால் இலங்கையின் வன்னியில் வேலிப் பேச்சும் தொடங்கிவிடும். கதியால் என்பது வேலியாக நட்டு, வேர்விட்டு வளரவிடும் மரத்தடி.

செலவு: கதியாலுக்கு ஒரு கத்தியும் அலவாங்கும் (கடப்பாரை) போதும், தடியை அயல் வளவில் கேட்டு வாங்கலாம்.
முட்கம்பிக்குத் தூண், கம்பிச்சுருள், கூலி என எல்லாமே காசு.

காலம்: கம்பியை எந்த மாதமும் இழுக்கலாம்.
கதியாலுக்கு மண் நன்றாக நனைந்திருக்க வேண்டும். காலபோக (மாரிகால நெல்) விதைப்பும் அதே நாட்களில் வருவதுதான் தொல்லை. ஒருமுறை வயல் வேலையைச் சாட்டி, தை மாதம்வரை தள்ளிப்போட்டுக் கிளுவை நட்டேன். தளிர் விட்டது, மகிழ்ந்தேன். தடியில் இருந்த ஈரத்தில் வந்த தளிர் அது. பங்குனியில் பிடுங்கிப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை.

நடும்போது தடியின் மேல்முனையைச் சரிவாகத் தறியுங்கள், தண்ணீர் தங்காது. பட்டை உரியக் கூடாது. அலவாங்கால் குழியிட்டு, மண்ணை மிதித்து இறுக்குங்கள். முதல் மாரியில் ஆடு தளிரைக் கடிக்காமல் பார்ப்பதே பெரிய வேலை.

உழைப்பு: கம்பி துருப்பிடிக்கும்வரை தொல்லை இல்லை.
கதியாலை ஆண்டுதோறும் வெட்ட வேண்டும். ஆனால் சீமைக்கிளுவைக் கதியாலின் குழை (இலைதழை) ஆட்டுக்குத் தீனியாகவும் வயலுக்குப் பசளையாகவும் உதவும்.

யானைக்கு இரண்டும் ஒன்றுதான்.

குடியிருக்கும் வளவுக்குக் கதியால். ஆள் தங்காத தூரக் காணிக்குக் கம்பி. இரண்டையும் சேர்த்துப் பூவரசில் கம்பியை அறைபவர்களும் உண்டு. சில ஆண்டுகளில் மரம் கம்பியை விழுங்கிவிடும். பிறகு தறிக்கப் போனால் கத்தியின் வாய் போய்விடும்.