மூன்று வரிசை சொகுசு எஸ்யூவிக்கு அட்வான்ஸ் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்: என் 3 லட்சம் போய்விட்டது

இன்று காலை, நான் கார் முன்பதிவு செய்த ஆன்லைன் தளத்திடமிருந்து கடைசி மெயில் வந்தது. முன்பதிவுத் தொகையைத் திருப்பித் தர வழியில்லையாம், என் புகார் முடித்து வைக்கப்பட்டதாம். கீழே, சேவை எப்படி இருந்தது என்று ஸ்டார் போடச் சொல்லி ஒரு பெட்டி வேறு. 3 லட்சம். நான் வாங்கவே வாங்காத ஒரு காருக்கு 3 லட்சம். கோபம் ஆறினால் எழுதாமல் விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் போடவில்லை. போட்டால் நோட்டீஸ் வரும் என்று அவர்களே ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள். பழைய சொகுசு கார்களை ஆன்லைனில் விற்கும் ஒரு தளம், அவ்வளவு போதும். ஆப் இருக்கிறது, கார்களை நிறுத்தி வைத்திருக்கும் பெரிய யார்டு இருக்கிறது, ஒவ்வொரு காரின் படத்துக்கு மேலும் 'சர்டிஃபைட்' என்ற முத்திரை இருக்கிறது. 'பிடிக்கவில்லையா, முழுப் பணமும் திரும்ப' என்று முகப்பிலேயே ஓடும்.

எங்களுக்கு மூன்றாவது வரிசைதான் முக்கியம். வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தால் ஐந்து சீட் போதாது. யாராவது ஒருவர் பின்னால் மடங்கி உட்கார்ந்து வருவதை இனியும் பார்க்க முடியாது என்றுதான் இந்த வகைக் காருக்கே போனேன். ஏழு சீட் என்று எழுதியிருந்தால் ஏழு பேரும் சௌகரியமாக உட்காரலாம் என்று அர்த்தம் இல்லை என்பதும் தெரிந்துதான் போனேன். வோல்வோ தன் எக்ஸ்சி90-இன் மூன்றாவது வரிசை 170 செ.மீ. உயரம் வரை உள்ளவர்களுக்கு என்று தானே சொல்கிறது. மெர்சிடிஸ் 2019-இல் கொண்டுவந்த ஜிஎல்எஸ்ஸில் 194 செ.மீ. உயரமானவரும் பின்னால் உட்காரலாம் என்று சொன்னது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளம் முதலாவதில் 2,984 மி.மீ., இரண்டாவதில் 3,135 மி.மீ. அந்தப் பதினைந்து செ.மீ. யாருடைய முழங்காலுக்குப் போகிறது என்பதுதான் விஷயம். இதையெல்லாம் அந்தத் தளத்தின் விற்பனைப் பையனிடமும் சொன்னேன். "கரெக்டா கேக்கறீங்க சார், உங்களை மாதிரி ஆளுக்குத்தான் விக்கணும்" என்றான். போகப் போக 'சார்' மறைந்து 'அண்ணா' ஆனது.

யார்டில் காட்டிய வண்டி அருமையான வண்டி, அதில் பொய் இல்லை. நடு வரிசையில் கைப்பிடி வைத்த இரண்டு தனி கேப்டன் சீட். பட்டனை அமுக்கினால் மோட்டாரில் முன்னால் சாய்ந்து வழி விடுகிறது. "அம்மா, கையைப் பிடிச்சுக்கோங்க, மெதுவா" என்று என் அம்மாவை அவனே ஏற்றி மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தான். தலைக்கு மேல் தனி ஏசி வென்ட், பக்கத்தில் சார்ஜ் போட யூஎஸ்பி, ஜன்னல் கண்ணாடியும் தாராளம். "காத்து நல்லா வருதுடா, கால் வலிக்கவே இல்லை" என்றார் அம்மா. அங்கேதான் என் மனசு விழுந்தது. நடு சீட்டை அவன் முன்கூட்டியே கடைசி வரை முன்னால் தள்ளி வைத்திருந்தான் என்பது பிறகுதான் புரிந்தது. அந்த நிலையில் நடு வரிசையில் ஒரு குழந்தையைத்தான் உட்கார வைக்க முடியும்.

முன் சீட்டில் குளிர்காற்று வசதியையும் போட்டுக் காட்டினான். சீட்டின் லெதரில் உள்ள பொடித் துளைகள் வழியே உள்ளே இருக்கும் சின்ன ஃபேன் காற்றை நகர்த்தும். சட்டை முதுகில் ஒட்டாது. நாங்கள் எடுக்கப் போகும் வண்டியிலும் இதெல்லாம் அப்படியே இருக்குமா என்று நேராகவே கேட்டேன்.

"அண்ணா, இது உங்க வண்டியோட கூடப் பொறந்தது. அதே வருஷம், அதே வேரியண்ட். உங்களது வேற யார்டுல பாலிஷுக்கு நிக்குது. சன்ரூஃப்ல ஆரம்பிச்சு கப் ஹோல்டர் வரைக்கும் ஒண்ணுதான். சாயந்திரம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க, நீங்க பிளாக் பண்ணிடுங்க. பிடிக்கலைன்னா ஃபுல் ரீஃபண்ட்."

3 லட்சம் அங்கேயே போனில் அனுப்பினேன். ரசீது வந்தது. அம்மாவுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினான்.

டெலிவரிக்கு வந்த வண்டி வெளியே அதே நிறம், அதே மினுமினுப்பு. கதவைத் திறந்தேன். நடு வரிசையில் கேப்டன் சீட் இல்லை, மூன்று பேருக்கான பெஞ்ச். பட்டனும் இல்லை, மோட்டாரும் இல்லை. பின்னால் போக வேண்டுமென்றால் லீவரை இழுத்து, கனமான சீட்டைத் தூக்கி மடக்கி, அந்தச் சந்தில் நுழைய வேண்டும். அம்மா ஒரு காலை வைத்துவிட்டு இறங்கிவிட்டார். நான் போய் உட்கார்ந்தேன். இந்த மாதிரி வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே தரை உயர்ந்திருக்கும். சீட்டையும் அதற்கேற்ப உயர்த்தினால் தலை இடிக்கும் என்று சீட்டைத் தாழ்வாக வைத்துவிடுவார்கள். தொடை சீட்டில் படியாது, முழங்கால் நெஞ்சுக்கு வரும். பனோரமிக் சன்ரூஃப் வேறு கூரையில் கொஞ்சம் உயரத்தைத் தின்றுவிடுகிறது. பெஞ்சை முன்னால் தள்ளிப் பின்னால் இடம் விட்டால், நடு வரிசைக்காரரின் முழங்கால் முன் சீட்டின் முதுகில் இடிக்கிறது. தலைக்கு மேல் வென்ட் இருந்த இடத்தில் வெறும் துணி. பின்னால் உட்காருபவருக்குக் கிடைத்தது ஒரு கப் ஹோல்டர். அதுவரைக்கும் பையன் சொன்னது உண்மைதான்.

முன் சீட்டில் துளைகள் இருந்தன, ஃபேன் இல்லை. சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் வெற்று பிளாஸ்டிக் மூடி. 'முழு லெதர்' என்று ஆப்பில் போட்டிருந்தது. உடம்பு படும் இடம் மட்டும் லெதர், சீட்டின் பக்கவாட்டும் மூன்றாவது வரிசை முழுவதும் நாம் ரெக்சின் என்று சொல்லும் சரக்கு. (இதைப் பெரிய கம்பெனிகளும் செய்கின்றன. கேட்லாக்கில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அவர்களாவது போடுகிறார்கள்.) 'நான்கு மண்டல ஏசி', அதாவது நான்கு இடத்தில் தனித்தனியாக வெப்பநிலை வைக்கலாம் என்றார்கள். நடு வரிசைக்கு வெப்பநிலை மாற்றும் பட்டனே இல்லை, காற்று வரும் இரண்டு ஓட்டைகள்தான். காரோடு இணையும் போன் ஆப் இன்னும் பழைய உரிமையாளரின் கணக்கில் இருந்தது.

வண்டியை எடுக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். பணத்தைக் கேட்டேன். அங்கிருந்துதான் அலைக்கழிப்பு ஆரம்பம்.

'அண்ணா' என்று கூப்பிட்டவன் மெசேஜைப் பார்க்கிறான், நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். "டிக்கெட் ரெய்ஸ் பண்ணியிருக்கோம் சார்." "மேனேஜர் மீட்டிங்ல இருக்கார் சார்." ஒருவர், சீட் காற்று வசதி லாக் ஆகியிருக்கும், சாஃப்ட்வேர் அப்டேட் போட்டால் வந்துவிடும் என்றார். 2022-இல் பிஎம்டபிள்யூ சில நாடுகளில் சீட்டைச் சூடாக்கும் வசதியை மாதச் சந்தாவுக்கு விற்று, கண்டனம் கிளம்பி, 2023-இல் கைவிட்டது. ஆனால் அங்கே சூடாக்கும் பாகம் சீட்டுக்குள் இருந்தது. இங்கே ஃபேனே இல்லை. அப்டேட் என்ன ஃபேன் செய்து மாட்டிவிடுமா? இதைக் கேட்டதும் லைன் கட்டானது.

இன்னொரு அம்மணி சொன்னதுதான் உச்சம்: "சார், மூணாவது வரிசைன்னாலே குழந்தைங்களுக்குத்தானே சார், பெரியவங்களை ஏன் அங்க உட்கார வைக்கறீங்க?" வயதானவரைக் கைத்தாங்கலாக ஏற்றி அங்கே உட்கார வைத்ததே உங்கள் ஆள்தானம்மா என்றேன். "அதை நான் நோட் பண்ணிக்கறேன் சார்."

அப்புறம் மேனேஜர் என்று ஒருவர். விதிமுறைகளில் 'படங்களும் காட்டப்படும் வாகனமும் உதாரணத்துக்கு மட்டுமே, வசதிகள் மாறுபடலாம்' என்று இருக்கிறதாம். முழு ரீஃபண்ட் என்பது வண்டி கிளம்புவதற்கு முன்பு வரைக்குமாம். கிளம்பிய பிறகு ரத்து செய்தால் போக்குவரத்துச் செலவு, பாலிஷ் செலவு, வண்டியை எனக்காக நிறுத்தி வைத்த செலவு என்று கழிப்பார்களாம். கூட்டிப் பார்த்தால் எவ்வளவு தெரியுமா? சரியாக 3 லட்சம். ஒரு ரூபாய் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வண்டி கிளம்பாமல் அதன் உள்ளே எப்படி இருக்கிறது என்று நான் எங்கே போய்ப் பார்ப்பது என்பதற்கு மட்டும் விதிமுறையில் பதில் இல்லை.

சரி, விவரமாகச் சொல்வதாகச் சொன்னேன், கை நடுங்குகிறது, இவ்வளவுதான் முடிகிறது. 'இதே மாதிரி வண்டி' என்று காட்டினால் பணம் கட்டாதீர்கள், உங்கள் பேருக்கு வரப்போகும் அதே வண்டியின் 17 இலக்க சேஸிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் தொழிற்சாலையில் என்னென்ன வசதி போட்டு வெளியே வந்தது என்று பார்த்துச் சொல்ல முடியும். எண்ணைத் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நடு சீட்டில் உங்கள் வீட்டிலேயே உயரமானவரை வசதியாக உட்கார வைத்துவிட்டு, அப்புறம் பின்னால் ஏறிப் பாருங்கள். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிக்கியைத் திறங்கள். பிஎம்டபிள்யூ எக்ஸ்7 அவ்வளவு பெரிய வண்டி, அப்போது கிடைப்பது 326 லிட்டர்தான். ஏழு பேர் பெட்டி அதில் அடங்காது. பக்கவாட்டு ஏர்பேக் மூன்றாவது வரிசை வரை நீள்கிறதா என்று கேளுங்கள். ரீஃபண்ட் எப்போது வரை என்று பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

நுகர்வோர் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரித் தளத்தில் உங்களுக்கும் பணம் மாட்டியிருந்தால் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்து வையுங்கள். நான் சண்டை போட்ட மறுநாளே என் வண்டியின் பக்கத்தில் 'கேப்டன் சீட்' என்ற வரியைத் தூக்கிவிட்டார்கள்.