பில் தரவை ஜேசனாக மாற்றித் தருகிறேன் என்று வருபவரின் இருபது பில் டெமோவை நம்பாதீர்கள்

எங்கள் பார்சல் ஆபீஸ் பெங்களூரு கலாசிபாளையத்தில் இருக்கிறது. சேலம், ஈரோடு, மதுரைப் பக்கம் தினமும் லோடு போகும். கவுன்ட்டரில் ஓடுவது பழைய பில்லிங் புரோகிராம். அதன் தரவை ஜேசனாக (JSON, ஆப்கள் படிக்கும் எழுத்து வடிவம்) மாற்றினால்தான் சரக்கு இறங்கும் ஊரில் மொபைல் ஆப்பில் தெரியும். அதற்கு ஒரு சீரியலைசர் கிளாஸ், அதாவது தரவை அப்படி மாற்றி ஃபைலில் எழுதும் கோடு, எழுதித் தருவதாகச் சொன்னவரிடம் 45,000 ரூபாய் கொடுத்து ஏமாந்துவிட்டோம்.

டெமோவுக்கு அவரே இருபது பில் கொண்டுவந்தார். எல்லாம் ஆங்கில முகவரி. சுத்தமாக வந்தது. அண்ணன் அங்கேயே மீதிப் பணத்தையும் அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் ஈரோட்டிலிருந்து போன். "பேருக்கு நடுவுல கேள்விக்குறியா வருதுண்ணே, யாருக்கு டெலிவரி குடுக்குறது?" திறந்து பார்த்தேன். ஆறுமுகம் என்ற பெயரில் 'ஆறு' வரை சரி. அப்புறம் கறுப்புக் கட்டத்துக்குள் இரண்டு கேள்விக்குறி, ஒட்ட எழுத்தில்லாமல் தொங்கும் ஓர் உகரக் குறி, பிறகு 'கம்'. எழுதியவரைக் கேட்டால், "ஃபாண்ட் பிரச்சினை சார், தமிழ் சப்போர்ட் தனி மாட்யூல், 12,000 ஆகும்" என்றார்.

பொய். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து கோடைத் திறந்து காட்டினான். கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தோ குறியோ ஒவ்வொன்றும் 3 பைட். ஆறுமுகம் மட்டும் 24 பைட் வரும். தரவு 4096 பைட் கொண்ட துண்டுகளாக பஃபர் என்ற தற்காலிக இடத்தில் வந்து விழுகிறது. துண்டு முடியும் இடத்தில் 'ம' மாட்டினால் இரண்டு பைட் இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். அவர் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக எழுத்தாக்கியிருக்கிறார், அதனால் உடைந்த 'ம' கேள்விக்குறியாகிவிட்டது. இந்தக் கோடு ஓடும் நோட் ஜேஎஸ் என்ற தளத்தில் ஸ்ட்ரிங்டிகோடர் என்று ஒன்று கூடவே வருகிறது. அது அரைகுறை எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டோடு சேர்த்துக்கொள்ளும். இதற்குத் தனி மாட்யூலும் வேண்டாம், 12,000 ரூபாயும் வேண்டாம்.

அதைவிட மோசம் இன்னொன்று. இருபது பில் சேர்ந்தால்தான் அந்த கிளாஸ் ஃபைலில் எழுதும். இரவு ஷட்டர் இறக்கும்போது கையில் ஏழு பில் இருந்தால் ஏழும் போச்சு. டெமோவுக்கு ஏன் கச்சிதமாக இருபது பில் என்று அப்போதுதான் புரிந்தது. தெரியாமல் செய்ததாக என்னால் நினைக்க முடியவில்லை.

ஜேசன் வரிகளையும் கையாலேயே ஒட்டியிருக்கிறார். விலாசத்தில் "ராஜம் இல்லம்" என்று மேற்கோள் குறியோடு ஒன்று வந்ததில் அந்த இருபது பில்லும் ஆப்பில் திறக்கவில்லை. ஜேசனில் மேற்கோள் குறி வந்தால் அங்கே எழுத்து முடிந்தது என்று அர்த்தம். நோட் ஜேஎஸ்ஸிலேயே இருக்கும் ஜேசன்.ஸ்ட்ரிங்கிஃபையிடம் கொடுத்திருந்தால் அதுவே குறிக்கு முன்னால் பின்சாய்கோடு போட்டு, விலாசம் அங்கே முடியவில்லை என்று காட்டியிருக்கும்.

இதே வேலைக்கு ஆள் பார்ப்பவர்கள் டெமோவுக்கு உங்கள் பில்லையே கொடுங்கள். தமிழ்ப் பெயரோடு, மேற்கோள் குறியோடு, ஐந்நூற்று மூன்று, நானூற்றுப் பதினொன்று என்று ஒழுங்கில்லாத எண்ணிக்கையில். கடைசிப் பில் ஃபைலில் இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். சோர்ஸ் கோடு கைக்கு வராமல் மீதிப் பணம் வேண்டாம். எங்களுக்கு அது கிடைத்ததால்தான் அத்தை மகன் ஒரே நாளில் சரிசெய்தான்.

விட்டுப்போன பில்களை கார்பன் காப்பி பார்த்து அண்ணி இன்னும் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அந்த ஆள் இப்போது போனை எடுப்பதில்லை.