லெப்ரானின் முதல் ஷூ, என் காலில்

நைக்கியின் ஏர் ஜூம் ஜெனரேஷனை, அதாவது அதன் மறுவெளியீட்டை, கதைக்காகத்தான் வாங்கினேன், பொய் சொல்லவில்லை. ஓஹியோ மாநிலம் ஆக்ரனில் பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு ஆடிக்கொண்டிருந்த லெப்ரான் ஜேம்ஸோடு 2003 மே மாதமே, அவர் என்பிஏவில், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில், ஒரு ஆட்டம்கூட ஆடாதபோதே, இந்த நிறுவனம் ஒப்பந்தம் போட்டுவிட்டது. சுமார் 9 கோடி டாலர் என்றார்கள், வயது 18! அடுத்த மாதம், அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், முதல் ஆளாக கிளீவ்லேண்ட் அணிக்குப் போனார். அக்டோபர் 29 அன்று சாக்ரமென்டோவில் முதல் ஆட்டம், காலில் இந்த ஷூ, 25 புள்ளி, 9 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடை போட உதவிய பாஸ்).

இந்த ஷூவை, பள்ளி நாளில் லெப்ரானுக்கு அவர் அம்மா வாங்கிக் கொடுத்த ஹம்மர் வண்டியைப் பார்த்து வடிவமைத்ததாம். அந்த வண்டிக்காகப் பையன் மேல் விசாரணை நடந்தது, அப்புறம் அதுவே ஷூ ஆனது. பள்ளியிலிருந்து நேராக என்பிஏவுக்கு வர அவரால் முடிந்தது; பள்ளி முடித்து ஓராண்டு ஆகாமல் டிராஃப்டுக்கு வரக்கூடாது என்ற விதி 2006 டிராஃப்டிலிருந்துதான்.

சரி, போட்டால் எப்படி? லேசை மேல்வரை இறுக்கினால் கணுக்கால் அசையாது, குதித்து இறங்கும்போது குதிகால் வலிக்கவில்லை. குறை ஒன்றுதான், அதுவும் ஆன்லைனில் விற்றவரால்: பெட்டி நசுங்கி, மூடி கிழிந்து வந்தது. இரண்டு முறை மெயில் அனுப்பியும் பதில் இல்லை.