இரண்டு வருஷமாக என் டிரெய்லரோடு ஓடும் சூடு பார்க்கிற கன்

மச்சான் நேற்று போனில், "அந்த டெம்பரேச்சர் கன் நல்லா உழைக்குதா, நானும் ஒன்று வாங்கவா?" என்று கேட்டான். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை.

முந்தின சம்பா அறுப்பில் 40 கிலோ மூட்டை நூறு ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது, நீடாமங்கலம் தாண்டி இடது சக்கரத்தின் நடுவில், ஹப்புக்குள் இருக்கிற பேரிங் ஜாம். பேரிங் காசுகூடப் போகட்டும், அது ஆக்சில் முனையையும் தின்றுவிட்டு, மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றுகிற வரை ராத்திரி பூரா பனியில் காவல் இருக்க வைத்தது. அந்தக் கோபத்தில், ஹப் சூடேறுகிறதா என்று தொடாமலே முன்கூட்டிப் பார்க்க வாங்கியதுதான் இது. (கொரோனா காலத்து நெற்றிக் கன் இதற்கு ஆகாது, கொஞ்சம் சூடு ஏறினாலே 'ஹை' என்று காட்டிவிட்டு நின்றுவிடும்.)

முதல் மாசமே எரிச்சல். ஹப் மூடி கையைச் சுடுகிறது, இது 38 என்கிறது. பளபளக்கிற உலோகம் சூட்டுக் கதிரைக் குறைவாகத்தான் விடும், அதனால் கன் ஏமாந்துபோகும். இதைப் பெட்டியில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? இரண்டு ஹப்பிலும் ரூபாய்க் காசு அளவுக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் ஒழுங்காகக் காட்டியது.

ஆனால் போன குறுவையில் மானத்தைக் காப்பாற்றியது. வலது 52, இடது 71. வெயில் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் அடித்தது. கழற்றினால் கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. ஓடிச் சூடான வண்டியை நேரே வாய்க்காலில் இறக்கியிருக்கிறான் டிரைவர், ஹப் சட்டென்று குளிர்ந்து தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிட்டது. சீல் மாற்றி, கழுவி, புது கிரீஸ் அடைத்ததோடு போச்சு. கன் எத்தனை டிகிரி காட்டுகிறது என்பதை விட, இரண்டு பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டிரைவரோ இதை டீ கிளாஸுக்குப் பிடித்துப் பார்த்தே பேட்டரியைத் தீர்த்துவிடுகிறான். அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி எங்கள் ஊர்க் கடையில் கிடையாது, மன்னார்குடிக்குத்தான் போகணும். அறுப்பு நேரத்தில் யார் போவது? இந்த மாசம் மட்டும் இரண்டு தடவை.

அதனால் மச்சானிடம், "வாங்காதே, வண்டியை நிறுத்தினதும் புறங்கையை ஹப் கிட்ட கொண்டுபோய்ப் பாரு, போதும்" என்றேன். "அப்ப உன்னுடையதைக் கொடேன்" என்றான்.

அதெல்லாம் முடியாது, பொங்கல் கழிந்ததும் அறுப்பு இருக்கு.