சீசன் முழுக்கப் பயிற்சியாளரா, சில நாள் முகாமா?

திருச்சபை சார்ந்த சிறுவர் விளையாட்டில் ஊழியம் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

நேரம்
பயிற்சியாளர்: அப்வர்ட் ஸ்போர்ட்ஸ் (திருச்சபைகள் வழியாகச் சிறுவர் விளையாட்டு நடத்தும் அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு) போன்ற லீக்கில் வாரம் ஒரு மணி நேரப் பயிற்சி, ஒரு மணி நேர ஆட்டம். ஆனால் வாராவாரம் வரவேண்டும்.
முகாம்: சில நாள்தான். காலை முதல் இரவு வரை ஓய்வு கிடைக்காது.

விளையாட்டறிவு
பயிற்சியாளர்: அடிப்படை விதிகளாவது தெரிய வேண்டும்.
முகாம்: தண்ணீர் கொடுக்க, பந்து பொறுக்கக்கூட ஆள் தேவை.

விசுவாசம்
முகாமில் பாட்டு, சாட்சி, ஜெபம் எல்லாம் நேரம் போட்டு நடக்கும். பயிற்சியாளருக்குக் கிடைப்பது இடைவேளையில் ஐந்து நிமிடத் தியானம். ஆனால் கூடைப்பந்து ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஃப்ரீ த்ரோவை (தடையின்றிக் கூடையில் போடக் கிடைக்கும் வாய்ப்பை) தவறவிட்ட பையன் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். அங்கே முகம் சுளித்தால் தியானத்தில் சொன்னது அத்தனையும் வீண். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்எம்சிஏ (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) பயிற்சிப் பள்ளியில் 1891-இல் கூடைப்பந்தை உருவாக்கிய ஜேம்ஸ் நெய்ஸ்மித்தும் இறையியல் படித்தவர்தான். பிரசங்க மேடையை விட்டு ஜிம்முக்கு வந்தவர்.

பாதுகாப்பு
இரண்டுக்கும் ஒன்றுதான்: பின்னணிச் சரிபார்ப்பு, எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. இதைக் கேட்காத இடத்தில் சேராதீர்கள்.

ஷிஃப்ட் வேலை, கல்லூரித் தேர்வு என்று இருப்பவர்களுக்கு முகாம் சரி. வாரத்தில் ஒரு மாலையை உறுதியாக ஒதுக்க முடிந்தால் பயிற்சியாளர் பொறுப்பையே எடுங்கள். பாதி சீசனில் காணாமல் போவதாக இருந்தால் மட்டும் வேண்டாம்.