வி.ஐ.டி.யா, எஸ்.ஆர்.எம்.மா? இரண்டுக்கும் ஃபீஸ் கட்டிய ஓர் அம்மாவின் அனுபவம்

காஞ்சிபுரத்தில் குடியிருந்தால் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. மேற்கே பஸ் ஏறினால் வாலாஜா, ராணிப்பேட்டை, ஆற்காடு தாண்டி வேலூரில் வி.ஐ.டி. இந்தப் பக்கம் செங்கல்பட்டு போய்த் திரும்பினால் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். எங்கள் வீட்டில் பெரியவள் வி.ஐ.டி.யில் படித்து முடித்து வேலைக்குப் போய்ச் சில வருஷம் ஆகிறது. சின்னவன் எஸ்.ஆர்.எம்.மில் போன வருஷம் முடித்தான். இரண்டு இடத்துக்கும் ஃபீஸ் கட்டி, இரண்டு ஹாஸ்டலுக்கும் பெட்டி தூக்கியவள் என்பதால் தெருவில் யார் பிள்ளை பன்னிரண்டாவது முடித்தாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வேலூரில் 1984-இல் பொறியியல் கல்லூரியாக ஆரம்பித்தார்கள், காட்டாங்குளத்தூரில் 1985-இல். வி.ஐ.டி. நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது 2001-இல், எஸ்.ஆர்.எம். 2002-இல். நிறுவனர்களும் அரசியல் தெரிந்தவர்கள்: வி.ஐ.டி.யின் ஜி.விசுவநாதன் எம்.பி.யாகவும் மாநில அமைச்சராகவும் இருந்தவர், எஸ்.ஆர்.எம்.மின் பாரிவேந்தர் சொந்தக் கட்சி தொடங்கி 2019-இல் பெரம்பலூர் எம்.பி. ஆனவர். இரண்டுக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு உண்டு. இரண்டிலும் நாடு முழுக்க இருந்து வந்த பிள்ளைகள், அதிலும் தெலுங்கு பேசுகிறவர்கள் ஏராளம். இத்தனை ஒற்றுமை இருப்பதால்தான் கடைசியில் எல்லாரும் ரேங்க் பட்டியலைக் கையில் எடுக்கிறார்கள்.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையின் பொறியியல் பட்டியலில் 2023-இல் வி.ஐ.டி. 11, எஸ்.ஆர்.எம். 28. அடுத்த வருஷமே வி.ஐ.டி. அதே 11, எஸ்.ஆர்.எம். 13. சின்னவன் அப்போது அங்கேதான் படித்துக்கொண்டிருந்தான். அதே வாத்தியார்கள், அதே லேப், அதே கேன்டீன் க்யூ. ஒரே வருஷத்தில் பதினைந்து படி ஏறியதாக அவனுக்குத் தெரியவே இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரை எண்ணிக்கை போன்ற பல கணக்குகள் சேர்ந்துதான் அந்த எண் வருகிறது. பி.டெக். முதல் வருஷப் பையனின் வகுப்பறை எப்படி இருக்கும் என்பதை அது சொல்லாது.

உள்ளே போன பிறகுதான் வித்தியாசம் தெரியும். வி.ஐ.டி.யில் எஃப்.எஃப்.சி.எஸ். என்று ஒரு முறை இருக்கிறது. எந்தப் பாடம், எந்த நேரம், எந்த ஆசிரியர் என்று மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்க ராஜ வாழ்க்கை மாதிரி இருக்கும். ஆனால் ரெஜிஸ்ட்ரேஷன் நாளில் எங்கள் வீட்டில் கல்யாண முகூர்த்தம்தான். முந்தின ராத்திரியே பெரியவள் நோட்டில் கட்டம் போட்டு, பச்சை மையில் முதல் ஆசை, சிவப்பு மையில் இரண்டாவது என்று நிரப்பி வைப்பாள். காலையில் வீட்டில் யாரும் நெட்டைத் தொடக் கூடாது. அவள் அப்பாவுக்கு யூடியூபில் பழைய பாட்டு கேட்கக்கூடத் தடை. நேரம் ஆரம்பித்ததும் ஒரு காதில் தோழி, ஒரு கையில் மவுஸ். "அம்மா, ஏ-ஒன் போச்சு. டி-டூ எடுத்தா மதியம் லேப் இடிக்கும்" என்பாள். ஏ-ஒன், டி-டூ எல்லாம் வகுப்பு நேரங்களின் பெயர். காலையில் தியரி எடுத்தவர்களுக்கு லேப் மதியம், மதியம் தியரி என்றால் லேப் காலையில் என்று அங்கே ஒரு கணக்கு. நல்ல ஆசிரியரின் வகுப்பு கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிடும்.

இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. திட்டம் போடுகிற பிள்ளைக்கு இந்த முறை வரம். சீனியர்களிடம் விசாரிக்கக் கூச்சப்படுகிற பிள்ளைக்கு மற்றவர்கள் எடுத்தது போக மிச்சம்தான் கிடைக்கும். மதிப்பெண்ணும் அங்கே வகுப்போடு ஒப்பிட்டுப் போடுவது. ஒரே மார்க்குக்கு ஒரு வகுப்பில் ஏ வரும், கெட்டிக்காரர்கள் குவிந்த இன்னொரு வகுப்பில் பி வரும். அதனால் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போதே கூட யார் யார் சேர்கிறார்கள் என்று பார்க்கிற தந்திரமும் வேண்டியிருக்கிறது. என் மகளுக்கு அது வந்தது. சின்னவனை அங்கே விட்டிருந்தால் ரெஜிஸ்ட்ரேஷன் அன்று தூங்கியிருப்பான்.

எஸ்.ஆர்.எம்.மில் அவனுக்குக் கிடைத்தது டே ஆர்டர். அங்கே திங்கள், செவ்வாய் என்று டைம்டேபிள் கிடையாது. ஒன்று முதல் ஐந்து வரை நாள் வரிசை ஓடும். நடுவில் விடுமுறை வந்தால் அந்த வரிசை அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப் போகும். "புதன்கிழமை உனக்கு மதியம் கிளாஸ் இருக்காடா?" என்று கேட்டால், "டே ஆர்டர் பார்த்துதான்மா சொல்லணும்" என்பான். எனக்கு இது கடைசி வரை பிடிபடவில்லை. ஆனால் ஒரு நன்மை இருக்கிறது. எந்தப் பாடமும் திங்கட்கிழமை லீவுகளில் மாட்டிப் பின்தங்காது. விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்க அங்கேயும் இடம் உண்டு, ஆனால் வேலூர் அளவுக்குப் போர்க்களம் இல்லை. வருகைப் பதிவு இரண்டு இடத்திலும் 75 சதவீதம். அதில் பேரம் பேசலாம் என்று நினைத்துச் சேர்க்காதீர்கள்.

அடுத்தது ஊர். என்னைக் கேட்டால் ரேங்கைவிட இதற்குத்தான் எடை அதிகம். எஸ்.ஆர்.எம். வாசலுக்கு எதிரே பொத்தேரி ரயில் நிலையம். மின்சார ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கிண்டி. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறந்த பிறகு வெளியூர்ப் பஸ்ஸும் பக்கத்தில் வந்துவிட்டது. எங்களுக்கு இன்னும் வசதி, திருமால்பூர் ரயில் காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டு போய் பொத்தேரியைத் தொட்டுக்கொண்டுதான் சென்னைக்குப் போகிறது. சின்னவன் சனிக்கிழமை துவைக்க வேண்டிய துணியோடு வந்து ஞாயிறு இட்லி டப்பாவோடு திரும்புவான். மூன்றாம் வருஷம் ஹாஸ்டலை விட்டு நண்பர்களோடு பொத்தேரியிலேயே அபார்ட்மென்ட் எடுத்தான். கடைசி வருஷம் கிண்டி பக்கம் ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப். அறையை மாற்றாமல், சீசன் டிக்கெட்டிலேயே அது முடிந்தது. சென்னையில் நடக்கும் மீட்டப், ஹேக்கத்தான் எதையும் விட மாட்டான். பாதிப் படிப்பு அவனுக்கு ரயிலுக்கு அந்தப் பக்கம்தான் நடந்தது.

வேலூர் அப்படி இல்லை. வளாகமே ஒரு ஊர். காலை நடை, நூலகம், கடை, டாக்டர், கலைவிழா ரிவியரா, தொழில்நுட்ப விழா கிராவிட்டாஸ் என்று எல்லாம் மதிலுக்குள்ளேயே முடிந்துவிடும். பெண்கள் ஹாஸ்டலில் கேட் மூடும் நேரம் கண்டிப்பு. எங்களுக்கு அது நிம்மதி, மகளுக்கு எரிச்சல். ஒவ்வொரு மாணவருக்கும் ப்ராக்டர் என்று ஓர் ஆசிரியர் பொறுப்பு. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூர்க்காரர்களே கிண்டல் செய்வார்கள். மே மாதம் போனால் மரமில்லாத மலை என்றால் என்னவென்று உச்சந்தலைக்குத் தெரியும். ஆனால் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் நோயாளிகள் வந்துகொண்டே இருப்பதால் ஊரில் இந்தியும் வங்காளியும் பேசுகிற கடைகள் சாதாரணம். வடக்கிலிருந்து வரும் பிள்ளைகள் அங்கே சீக்கிரம் ஒட்டிக்கொள்வதற்கு அதுவும் காரணம். காட்பாடி ஜங்ஷன் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில். பெரியவள் இன்டர்ன்ஷிப்புக்கு பெங்களூர் போனாள், பிருந்தாவன் எக்ஸ்பிரஸ்தான் அவளுக்கு டவுன் பஸ் மாதிரி.

வேலைவாய்ப்பு பற்றிச் சுருக்கமாக. ஆட்களை மொத்தமாக எடுக்கிற ஐ.டி. கம்பெனிகள் இரண்டு வளாகத்துக்கும் வருகின்றன. ஃப்ளெக்ஸில் பார்க்கிற கோடி ரூபாய் பேக்கேஜ் ஒன்றிரண்டு பேருக்கு. ஒவ்வொரு கல்லூரியும் என்.ஐ.ஆர்.எஃப்.க்குக் கொடுத்த விவரத்தைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கும். அதில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுநிலைச் சம்பளம் (மீடியன்) எவ்வளவு என்ற வரிகள் உண்டு. அதைப் பாருங்கள். எஸ்.ஆர்.எம். மாணவர்கள் செய்த எஸ்.ஆர்.எம்.சாட் என்ற சுமார் 11 கிலோ செயற்கைக்கோள் 2011 அக்டோபரில் பி.எஸ்.எல்.வி. சி-18 ராக்கெட்டில் போனது. சின்னவன் எலக்ட்ரானிக்ஸ் (இ.சி.இ.) எடுத்ததற்கு அந்தக் கதையும் ஒரு காரணம். எந்த வளாகத்திலும் இப்படி மாணவர் குழுக்கள் இருக்கின்றன, சேர்கிறவனுக்குத்தான் பலன்.

இனி பணம். வி.ஐ.டி.யில் நுழைவுத் தேர்வு ரேங்கைப் பொறுத்து ஐந்து கட்டணப் பிரிவுகள். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில், முதல் பிரிவுப் பையன் கட்டுவதைப்போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ ஐந்தாம் பிரிவுப் பையன் கட்டுவான். எஸ்.ஆர்.எம்.மில் பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு, வளாகத்துக்கு வளாகம் கட்டணம் மாறும். என் கறாரான அபிப்பிராயம்: ஐந்தாம் பிரிவில்தான் வேலூர் கிடைக்கிறது என்றால் வேண்டாம். அந்தப் பணத்துக்கு அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வில் நல்ல அரசு உதவிபெறும் கல்லூரியோ, பிள்ளைக்குப் பிடித்த பாடப்பிரிவோ கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிராமத்து அரசுப் பள்ளியில் முதலிடம் வாங்கிய பிள்ளை என்றால் கதையே வேறு. வி.ஐ.டி.யின் ஸ்டார்ஸ் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மாணவன், ஒரு மாணவி என்று படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். பெரியவளின் வகுப்பில் அப்படி வந்த ஒரு பெண் இருந்தாள். எல்லாரையும்விட நன்றாக எஃப்.எஃப்.சி.எஸ். கட்டம் போட்டவள் அவள்தான்.

வளாகத்தின் பெயரையும் கவனியுங்கள். வி.ஐ.டி. வேலூரும் சென்னையும் ஒரே நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அமராவதியும் போபாலும் அந்தந்த மாநிலச் சட்டப்படி தனிப் பல்கலைக்கழகங்கள். எஸ்.ஆர்.எம்.மிலும் காட்டாங்குளத்தூர், ராமாபுரம், வடபழனி ஒரே குடும்பம், அமராவதி தனி. எங்கள் ஊரில் ஒரு கல்வி ஆலோசனைக்காரர் "எல்லாம் ஒரே சர்டிஃபிகேட்தான் மேடம்" என்று சொல்லி முன்பணம் கேட்டார். நுழைவுத் தேர்வு, கலந்தாய்வு எல்லாம் ஆன்லைனில் நாமே செய்யக்கூடிய வேலைக்கு அவருக்கு எதற்குப் பணம்? காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். கட்டிய ஃபீஸை எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி இருக்கிறது. அந்த வருஷத்துத் தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டு கட்டுங்கள். அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு முடிவதற்குள் இங்கே பணம் கட்ட வேண்டிய நெருக்கடி எப்படியும் வரும்.

இந்த வருஷம் என் தங்கை மகளுக்கு வேலூரில் நாலாம் கட்டணப் பிரிவில் கம்ப்யூட்டர் சயின்ஸும் (சி.எஸ்.இ.), காட்டாங்குளத்தூரில் இ.சி.இ.யும் கிடைத்தன. வீட்டில் எல்லாரும் வேலூர் என்றார்கள். அவளுக்குச் சர்க்கியூட் பிடிக்கும், கோடிங் பிடிக்காது, மாதம் ஒரு முறையாவது வீட்டுக்கு வராவிட்டால் காய்ச்சல் வந்துவிடும். "பெரியம்மா, நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். சொன்னேன். ஆகஸ்டிலிருந்து திருமால்பூர் ரயிலில் போய்க்கொண்டிருக்கிறாள்.