கிராம சபையா, எம்.எல்.ஏ.வோடு தனிக் கூட்டமா?

அரசியல்வாதிகளோடு உட்கார்ந்து பேச ஊர் இளைஞர்கள் தயார். எங்கே பேசுவது என்பதில்தான் குழப்பம்.

செலவு: கிராம சபைக்குக் கைக்காசு வேண்டாம். தனிக் கூட்டத்துக்கு மண்டபம், மைக், டீ எல்லாம் நம் பொறுப்பு.

தேதி: தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று முன்பே தெரியும். எம்.எல்.ஏ. கொடுத்த தேதி கடைசி நேரத்தில்கூட மாறலாம்.

வயது: சபையின் உறுப்பினர்கள் ஊராட்சி வாக்காளர்கள்தான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தனிக் கூட்டமே வழி.

பேச நேரம்: சபையில் வரவு செலவு வாசித்து முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். தனிக் கூட்டத்தில் நிதானமாகப் பேசலாம். ஆனால் வரவேற்புரை, பொன்னாடை என்று ஆரம்பித்தால் அதுவும் போச்சு. தயவுசெய்து மேடை போடாதீர்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கேள்விகளை முன்பே எழுதிக் கொடுங்கள்.

பலன்: இதில் கிராம சபைக்குத்தான் என் ஓட்டு. “பஸ் ஸ்டாப்பில் விளக்கு வேண்டும்” என்பது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அடுத்த கூட்டத்தில் அதைக் காட்டியே கேட்கலாம். தனிக் கூட்டத்தில் யாராவது குறிப்பெடுக்காவிட்டால் வாக்குறுதி காற்றோடு போய்விடும்.

தெருவிளக்கு, குடிநீர் என்றால் கிராம சபை. காலேஜுக்குக் கூடுதல் பஸ், வேலைவாய்ப்பு என்றால் எம்.எல்.ஏ.வைக் கூப்பிடுங்கள்.